கேட்டுவிட்டுத்தான் தொடுவாள்

அவளோடு பஸ்ஸில் போவது பெரிய தொல்லை. ஏறியதும் சும்மா உட்கார மாட்டாள். "அண்ணா, இது பென்னாகரம் போவுதுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்பாள். வண்டியின் நெற்றியில் கொட்டை எழுத்தில் பென்னாகரம் என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் ஏறியிருப்பாள். "போர்டு பாக்கலியாம்மா?" என்று அவர் எரிந்து விழுந்தால், "பாத்தேனுங்க. நேத்து இதே போர்டு போட்ட வண்டி பாதியில திரும்பிடிச்சு, அதான் கேட்டன்" என்பாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவார். அதற்குள் இவள் பக்கத்து சீட்டு அம்மாவிடம், மடியில் தூங்கும் குழந்தைக்கு ஏன் இந்த வெயிலில் கம்பளிக் குல்லா என்று விசாரிக்க ஆரம்பித்திருப்பாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவள் யாரோ நான் யாரோ என்று உட்கார்ந்திருப்பேன்.

அவள் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால், "என்னையக் கேட்டியாடி?" என்பாள். கேட்கலாம் என்றால் அவளுடைய பழைய நம்பரை இப்போது யாரோ ஒரு அரிசிக் கடைக்காரர் வைத்திருக்கிறார். கல்யாணமாகிப் போனாள், வெளிநாடு போனாள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே பேர் இல்லாமலே சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் தர்மபுரிக்கு வெளியே ஒரு தனியார் நர்ஸிங் பள்ளியில் ஜி.என்.எம். படித்தோம். மூன்று வருட டிப்ளமோ. பட்டம் இல்லை. அந்த இல்லாத பட்டம் எங்களை எப்படியெல்லாம் அலைய வைக்கப்போகிறது என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை. "நர்ஸுக்குப் படிச்சா வேலை வூட்டு வாசல்ல வந்து நிக்கும்" என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நான் இண்டூர்க்காரி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. அவள் ஏரியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். அவள் அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்க்கப் போய், சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். அம்மா வியாபாரிக்காகப் புளி தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுப்பவர். விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது அவள் விரல் நுனியெல்லாம் பழுப்பேறி இருக்கும். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் சுரீர் என்று எரியும் போல. முகத்தைச் சுளித்துக்கொண்டே, "இன்னிக்கு ரசத்துக்கு எந்தக் கடைப் புளிங்க?" என்று மெஸ் அக்காவைக் கேட்பாள்.

பயிற்சிக்கு எங்களை ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு அனுப்புவார்கள். அங்கேதான் அவளுடைய முழு சொரூபமும் தெரிந்தது. நாங்கள் எல்லோரும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "கையக் காட்டுங்க" என்று சொல்வதற்குள் கையைப் பிடித்திருப்போம். நாற்பது கட்டிலை முடிக்க வேண்டும், மேலே டியூட்டர் மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இவள் மட்டும் நின்று, பேரைக் கேட்டு, "ஐயா, பி.பி. பாக்கணும், கைய எடுத்துக்கட்டுங்களா?" என்பாள். பதில் வரும்வரை தொட மாட்டாள். ஒருமுறை காலில் கட்டோடு படுத்திருந்த ஒரு விவசாயி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவியாம்மா?" என்றார். வார்டே சிரித்தது. இவளும் சிரித்தாள். ஆனால் அவர் தலையாட்டிய பிறகுதான் பட்டையைச் சுற்றினாள்.

மேடத்திடம் இதற்காக வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. "நீ என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்க, ஒவ்வொருத்தர் கிட்டயும் சம்மதம் கேக்கறதுக்கு?" என்பார். அறைக்கு வந்து நான் ஒருநாள் நல்லதனமாகவே சொன்னேன், கொஞ்சம் வேகமாகப் பண்ணு, கேள்வியைக் குறைத்துக்கொள் என்று. "கேட்டா என்னடி, வாயில இருக்கற முத்து உதுந்துருமா?" என்றாள். அது அவள் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. கேள்வியைக் குறைக்கச் சொன்ன எல்லோருக்கும் இதே பதில்தான்.

அந்தப் பழக்கம் ஒருமுறை பொல்லாத விதமாகவும் முடிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்கள் வார்டில் ஒரு இளம் பெண், முகமெல்லாம் வீங்கிப் போய் வந்திருந்தாள். மாடு முட்டிவிட்டது என்று கூடவே நின்ற புருஷன் சொன்னான். இவள் அந்தப் பெண்ணின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "மாடு முட்டுனா வெரல் தடம் எப்பிடிங்க வரும்?" என்று கேட்டுவிட்டாள். நல்ல சத்தமாக, வழக்கம்போல. மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. புருஷனே கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இவள் வெளியே ஓடி, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் தேடிவிட்டு வந்தாள். அன்று முழுக்க அழுதாள். உன் வாய்தான் இதற்குக் காரணம் என்று நானும் சேர்ந்து குத்தினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கேட்டது தப்பில்லடி. அந்தாளப் பக்கத்துல வெச்சிக்கிட்டுக் கேட்டன் பாரு, அதான் தப்பு." அதற்குப் பிறகு இப்படிப்பட்ட கேள்வி என்றால், கூட வந்தவரை முதலில் பஞ்சு வாங்கி வா, பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வா என்று எங்காவது அனுப்பிவிடுவாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியவே இல்லை. பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் அந்த ஜாடையில் யாரைப் பார்த்தாலும் இவள் ஒரு நிமிஷம் நின்றுவிடுவாள்.

படிப்பு முடிந்து, நர்ஸிங் கவுன்சிலில் பதிவும் ஆகி, வேலை தேடக் கிளம்பினோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று ஒரு ஆஸ்பத்திரி விடவில்லை. எங்கே போனாலும் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். பி.எஸ்ஸி.யா? அனுபவம் உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவ்வளவுதான், பைலை மூடி நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று வாசலுக்கு வந்த பிறகு நான் புலம்புவேன். அவள் உள்ளேயே கேட்டுவிட்டு வருவாள்.

தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. மேனேஜர், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்த மனிதர், எங்கள் பைல்களைப் பிரிக்காமலே, "பி.எஸ்ஸி. தாம்மா எடுக்கறோம்" என்றார்.

"பி.எஸ்ஸி. முடிச்சவங்களுக்கு இங்க என்ன வேலைங்க சார்?" என்றாள் இவள்.

"என்ன வேலைன்னா? வார்டு வேலை. ஊசி, ட்ரிப்ஸ், டிரெஸ்ஸிங், மருந்து குடுக்கறது."

"அதெல்லாம் எங்களுக்கும் தெரியுமுங்களே."

"ரூல்ஸும்மா. டிகிரிதான் வேணும்."

"ரூல்ஸ் யாரு சார் போட்டாங்க?"

"மேனேஜ்மெண்ட்."

"அவங்க எந்த ரூம்ல இருக்காங்கன்னு சொன்னீங்கன்னா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறோம். ஒங்களுக்குத் தொந்தரவு குடுக்க மாட்டோம்."

நான் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். மேனேஜர் கோபப்படுவார் என்று நினைத்தால், அவர் பாவம் போல முழித்தார். அந்த மேனேஜ்மெண்ட் எந்த ரூமில் இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லையோ என்னவோ. "நம்பர் எழுதிட்டுப் போங்கம்மா, கூப்புடறோம்" என்றார். வெளியே வந்ததும் நான் சண்டை போட்டேன். கூப்பிடுவதாகச் சொன்னாரே என்று அவள் குஷியாக இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

சேலத்தில் இன்னொரு கூத்து. பெரிய ஆஸ்பத்திரி, அதிசயமாக ஜி.என்.எம். போதும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். நான் பாதி ராத்திரியிலேயே எழுந்து, தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, முதல் பஸ் பிடித்து வந்திருந்தேன். இண்டர்வியூ பத்து மணிக்கு. அவள் என்னை ஏழரைக்கே அங்கே வந்து நிற்கச் சொன்னாள். எதற்கு என்றால், அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து நர்ஸுகள் வெளியே வருவார்களாம். "உள்ள போறவங்க மூஞ்சிய பாக்காத. வெளிய வர்றவங்க மூஞ்சிய பாரு" என்றாள். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று பார்த்தோம். வந்தவர்களில் இரண்டு மூன்று பேரை நிறுத்தி, நர்ஸுங்க எங்க ஒக்காந்து சாப்புடுவீங்க, ஒருத்தருக்கு எத்தன கட்டில், லீவு கேட்டா என்ன சொல்றாங்க என்று விசாரித்தாள். ஒரு பெண் நடந்துகொண்டே, "நின்னுக்கிட்டேதான் சாப்புடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவள் டீ கிளாஸை வைத்துவிட்டு, "இங்க வேண்டாம்டி" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாம் என்ன பொண்ணு கேட்டு வந்த மாப்பிள்ளை வீடா, பிடித்திருக்கிறது பிடிக்கவில்லை என்று சொல்ல? வேலை கிடைக்காமல் செருப்பு தேய்கிறது, இவள் ஆஸ்பத்திரிக்கு இண்டர்வியூ வைக்கிறாள். நீ போனால் போ என்று நான் மட்டும் உள்ளே போனேன். என்னையும் எடுக்கவில்லை, அது வேறு விஷயம். அந்த ஆஸ்பத்திரி இன்றைக்கும் ஜேஜே என்றுதான் நடக்கிறது. அவள் போட்ட கணக்கு சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வேலை இல்லாத, கையில் டிகிரி இல்லாத ஒருத்தி, எனக்கும் கேட்க உரிமை உண்டு என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் நின்றாளே, அது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

இப்படியே மாசங்கள் ஓடின. என் வீட்டில் யாரும் நெருக்கவில்லை. ஆனால் அவள் வீட்டில் கதை வேறு. மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்கள் எல்லாம், "என்னா நர்ஸம்மா, புளிக்கு ஊசி போடறியா?" என்று கேலி பேசினார்கள். அவளுடைய மாமா, அம்மாவின் தம்பி, ஓசூர்ப் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் ஆள் சேர்த்துவிடுகிறவர். செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனி. ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள். ஹாஸ்டல் உண்டு, வேன் உண்டு, நர்ஸுக்குக் கிடைக்கிற சம்பளத்தைவிட அதிகமாகவே கிடைக்கும். பொங்கலுக்குள் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தால் சரி, இல்லையென்றால் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அதில் குற்றம் சொல்லவும் முடியாது. அப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும்.

"அங்க போய் ஒக்காந்துட்டா அப்புறம் நான் நர்ஸே இல்லடி" என்றாள் என்னிடம். எதற்கும் கலங்காதவள் அதற்கு மட்டும் கலங்கினாள். ஒரு வருஷம் வார்டைத் தொடாமல் இருந்தால் கை மறந்துவிடும், அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் சீந்தாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் செட்டிலேயே அப்படி ஜவுளிக்கடைக்குப் போனவர்கள் ஜவுளிக்கடையிலேயே தங்கிவிட்டார்கள்.

மார்கழியில் ஒரு ஆஸ்பத்திரியில் செய்முறைத் தேர்வு வரைக்கும் போனோம். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் பொம்மை படுத்திருந்தது, ஆள் உயரத்துக்கு. அதன் கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றிக் காட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டு மூத்த நர்ஸுகளும் ஒரு டாக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் முடித்துவிட்டு ஓரமாக நின்றேன். அடுத்தது அவள். கையைக் கழுவினாள், உறை போட்டாள், பொம்மைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"ஐயா, வணக்கமுங்க. பேரு சொல்லுங்க."

சொல்லிவிட்டு நின்றாள். பழக்க தோஷம். பதில் வந்தால்தானே அவள் அடுத்த வேலைக்குப் போவாள்? பொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. ஒரு நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இவள் அப்போதுதான் சுதாரித்து, "ட்ரிப்ஸ் போடணுமுங்க, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், கைய எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டு, அதற்கும் ஒரு கணம் நின்று, பிறகு பட்டையைக் கட்டி நரம்பைத் தடவ ஆரம்பித்தாள். ஊசி சரியாகத்தான் இறங்கியது. ஆனால் அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது.

"ஏம்மா, பொம்மைகிட்ட எதுக்கு பதிலுக்கு நிக்கற?" என்றார் டாக்டர். அவருக்கும் சிரிப்புத்தான்.

"பொம்மையா இருந்தாலும் கேக்காம குத்த கை வரலீங்க சார்" என்றாள்.

டாக்டருக்கு அவளைப் பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மார்க் போடுகிற தாளில் நேரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. சம்மதம் கேட்டதற்குக் கட்டம் இல்லை. திரும்பி வரும் வழியில் பொம்மையிடம் பேர் கேட்டதைச் சொல்லிச் சொல்லி நாங்களே வயிறு வலிக்கச் சிரித்தோம். பாலக்கோடு தாண்டியதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது.

கடைசியாகப் போனது தர்மபுரியிலேயே ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. அங்கே டிகிரி கேட்கவில்லை. டிகிரி முடித்தவர்கள் நிற்பதில்லை, வெளிநாட்டுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டார் அங்கிருந்த நிர்வாகி அம்மா. எங்கள் இருவரையுமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பொங்கலுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. பிறகு அந்த அம்மா, "ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் குடுத்துருங்க. ரெண்டு வருஷம் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்" என்றார். எல்லா இடத்திலும் நடப்பதுதான். வேலையை விட்டுப் போகாமல் இருக்க நம் சர்ட்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மறு பேச்சில்லாமல் எடுத்து நீட்டினேன்.

"ஒரிஜினல் எதுக்குங்க மேடம்?" என்றாள் அவள்.

"சொன்னனேம்மா. எல்லாம் வேலை கத்துக்கிட்டு விட்டுட்டு ஓடிடறாங்க."

"ஏன் ஓடறாங்கன்னு கேட்டீங்களா மேடம்?"

அவள் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள், நோயாளியிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்பதைப் போலத்தான். ஆனால் அந்த அம்மா முகம் கறுத்துவிட்டது. "குடுக்க இஷ்டமில்லன்னா நீ கெளம்பலாம்" என்றார். நான் அவளைப் பார்த்தேன். கொடுத்துத் தொலையேன்டி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். பைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஜெராக்ஸ் தர்றனுங்க. கையெழுத்து எங்க வேணும்னாலும் போடறனுங்க. ஒரிஜினல் எங்கம்மா புளி தட்டுன வெரலுங்க, அத மட்டும் கேக்காதீங்க" என்றாள். அந்த அம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்தது கோபமா வருத்தமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்காமல் இருந்திருந்தால் மறுநாளே இருவரும் ஒன்றாக வெள்ளை உடுப்பில் நின்றிருப்போம். நான் சேர்ந்தேன், அங்கேதான் வேலையும் கற்றேன். அவள் பொங்கல் முடிந்த மறுநாள், மாமா சொன்ன கம்பெனி வேனில் ஏறினாள். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். வேன் முழுக்கச் சின்னச் சின்னப் பெண்கள், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தவர்கள். ஏறுவதற்கு முன்னால் டிரைவரிடம், "அண்ணா, நைட்டு தூங்குனீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாசி மாதம் என்று நினைவு. ஒரு ராத்திரி, வார்டில் டிரெஸ்ஸிங் முடித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் போன் பண்ணினாள். எடுத்ததுமே மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள்.

அன்று காலையில் அவளுக்கு எதிர் வரிசையில் வேலை செய்த பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். அங்கே யாரும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தால் அந்த வரிசையே நின்றுபோகும். இவள் எழுந்து போய்விட்டாள். அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, காலைத் தூக்கி வைத்து, கண் திறந்ததும், "சாப்டியா சாமி? மாச நாளா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் ஓடி வந்து கத்தியிருக்கிறார். கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்து, "சார், மொதலுதவி ரூம் சாவி யார்கிட்டங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அறை ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்தது. இருந்த நர்ஸ் கல்யாணமாகிப் போன பிறகு ஆள் கிடைக்கவில்லையாம்.

சாயந்திரம் மேனேஜர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. இடத்தை விட்டு எழுந்ததற்கு வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு போனாளாம். அந்த மனிதர் முன்னால் டீ இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நீதான் பாத்தியா? நீ என்ன படிச்சிருக்க?"

"நர்ஸுங்க சார். கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்குது. சர்ட்டிபிகேட் ஹாஸ்டல் பொட்டியில இருக்குது."

"நர்ஸா? சேரும்போது ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலைங்க சார். பன்னெண்டாவது பாஸா, கண்ணு நல்லாத் தெரியுதான்னு கேட்டாங்க. அதுக்கெல்லாம் சொன்னனுங்க."

"நாங்க நர்ஸ் வேணும்னு ஊரெல்லாம் தேடிக்கிட்டிருக்கோம்."

"உள்ள தேடலீங்களா சார்?"

நான் சாப்பாட்டுக் கையோடு படியில் எழுந்து நின்றுவிட்டேன். "அடிப்பாவி! அந்தாள்கிட்டயும் கேட்டியா? என்னடி சொன்னான்?" என்றேன்.

அவர் டீயை ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறார். பிறகு, "பி.எஸ்ஸி.யா?" என்றாராம். அந்த இடத்துக்கு வந்ததும் அவள் குரலே போனில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான், இங்கேயும் பைலை மூடிவிடுவார்கள் என்று நினைத்தாளாம். "இல்லைங்க சார், ஜி.என்.எம். தானுங்க. வெளிய எங்கயும் வேலை பாத்த அனுபவமும் இல்லைங்க" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

"சரி, அது கெடக்கட்டும்" என்றாராம் அவர். "உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்? சொல்லு, கேப்போம்."

போனில் அழுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தர்மபுரியிலிருந்து சேலம் வரைக்கும் எத்தனை நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கிறோம், ஒருவர்கூட அவளை இதைக் கேட்டதில்லை.

"அப்புறம்?" என்றேன்.

"சொன்னேன்டி. காய்ச்சல் பாக்கறதுலருந்து ஒண்ணு விடாம எல்லாத்தயும் சொன்னேன். நடுவுல நிறுத்தவேயில்ல" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்தாளு டீ ஆறியே போச்சுடி."